ஓடினால் பஸ் நிற்கும்

போன மாதம் ஒரு காலை. ஏரிக்கரை ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன். மூட்டம், கூடவே லேசான தூறல். மஞ்சக்குட்டை பஸ் என்னைத் தாண்டிப் போனது... விசில் கேட்டது... நின்றே விட்டது. படியில் தொங்கியபடி கண்டக்டர் மாதேஷ் கத்துகிறார்.

"மெதுவா வாங்க டீச்சர், மெதுவா வாங்க! உட்டுட்டுப் போயிர மாட்டமுங்க!"

'வேண்டாம், நீங்கள் போங்கள்' என்று கையை ஆட்டினேன். அவர் அதை 'இதோ வந்துவிட்டேன்' என்று எடுத்துக்கொண்டார். பஸ் முழுக்க என்னையே பார்க்கிறது. ஒரு அம்மா மடியில் இருந்த கூடையைக் கீழே இறக்கி எனக்கு இடம் பண்ணுகிறார். இத்தனை அன்பை எப்படி மறுப்பது? ஏறினேன். போக வேண்டிய ஊர் என்று எதுவுமே இல்லாமல் டிக்கெட் எடுத்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தேன்.

ஏற்காட்டில் ஒரு பெண் ரோட்டில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பஸ்ஸை விட்டுவிட்டாள்! இந்த மலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்காகக் காத்திருந்தே பாதி நாள் போய்விடும். அதனால் ஓடுகிறவரைக் கண்டும் காணாமல் போகிற டிரைவர் இங்கே கிடையாது. பஸ் நிற்கும், ஜீப் நிற்கும், காய்கறி ஏற்றிய டெம்போவும் நிற்கும்.

சரி... நாற்பதைத் தாண்டிய கணக்கு டீச்சர் காலங்காத்தாலே எதற்கு ஓட வேண்டும்?

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கு இன்னொரு அவதாரமும் உண்டு. எங்கள் பள்ளி மாணவிகள் படைக்கு நான்தான் பொறுப்பு அதிகாரி. தோளில் பட்டை, தலையில் தொப்பி, உடம்பில் காக்கி. எந்தப் படை என்று மட்டும் கேட்காதீர்கள். காக்கி போட்டவர்களுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். ராணுவக்காரர்கள் கீழே சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களை நடத்துகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

பயிற்சி எனக்குப் பிடிக்கும். பிள்ளைகளை அதைவிடப் பிடிக்கும். என்னைப் பைத்தியமாக்குவது விதிகள்தான்.

என் கொண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் வந்த அதிகாரி, "கொண்டை காலருக்கு மேல் இருக்க வேண்டும்" என்றார். ஏற்றினேன். அடுத்து வந்தவர், "கொண்டை தொப்பியை முட்டுகிறது, இறக்குங்கள்" என்றார். இறக்கினேன். மூன்றாமவருக்குக் கொண்டையோடு பிரச்சினை இல்லை, மேலே போட்ட வலை ஏன் தெரிகிறது என்றார். வலை போடுவதே கொண்டை கலையாமல் இருக்கத்தானே? சேலத்திலிருந்து ஏற்காடு வரும் ரோட்டில்கூட இத்தனை கொண்டை ஊசி வளைவுகள் இல்லை!

உடையும் அப்படித்தான். ஒரு முறை, "பெண் அதிகாரிகள் காக்கிப் புடவையில் வரவும்" என்று செய்தி. கஞ்சி போட்டு, தேய்த்து, கட்டிக்கொண்டு போனால், மேடையில் இருந்தவர் "பேண்ட் எங்கே?" என்கிறார். மறுமுறை பேண்ட்டில் போனேன். "புடவை கட்டினால் கௌரவமாக இருக்குமே" என்றார் இன்னொருவர். உடற்பயிற்சிக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ கட்டாயம். எங்கள் மைதானமோ முழுக்கச் செம்மண். மழை நாளில் நாலு எட்டு வைத்தால் அந்த வெள்ளையை யார் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் சிகரம் கம்பளிச் சட்டை. நவம்பரில் போட வேண்டும், பிப்ரவரி முடிந்ததும் கழற்ற வேண்டும். மற்ற மாதங்களில் போடக்கூடாது. ஏற்காட்டுக் குளிர் காலண்டரைப் பார்த்துக்கொண்டா வருகிறது? ஜூலையில் மூட்டம் இறங்கினால் முன்வரிசையில் நிற்கும் பிள்ளையே கண்ணுக்குத் தெரிய மாட்டாள். எல்லோரும் அரைக்கைச் சட்டையில் நிற்பார்கள். அணிவகுப்பில் கேட்பது பூட்ஸ் சத்தமா, பல் தந்தியடிக்கிற சத்தமா என்றே சந்தேகம் வரும். பிப்ரவரிக் கடைசியில் சேலத்தில் முகாம் நடக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே கம்பளி கட்டாயம்! எங்கள் படையின் சார்ஜெண்ட் காவேரி, மஞ்சக்குட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற பெண். போன முகாமில் அணிவகுப்பு முடிந்ததும் கம்பளியைக் கழற்றி, துவைத்த துணி மாதிரிப் பிழிந்தாள். சொட்டுச் சொட்டாக வியர்வை.

"டீச்சர், ஜூலைல இத்தப் போட்டுக்கிட்டு பிப்ரவரில கழட்டுனா ஆவாதுங்களா?" என்றாள்.

"ரூல் கண்ணு" என்றேன். சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

விதி கடுமையாக இருக்கட்டும். எனக்கென்ன கடுமையோடு சண்டையா? நானே கணக்கு டீச்சர். ஆனால் இரண்டும் இரண்டும் திங்கட்கிழமை நான்கு, செவ்வாய்க்கிழமை ஐந்து என்றால் யாரால் கணக்குப் போட முடியும்?

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒரு நாள் வந்தது. காலையில் போனில் ஒரு செய்தி: 'புது மேஜர் ஆய்வுக்கு வருகிறார். ஆசிரியர் அதிகாரிகளுக்கு உடல்தகுதித் தேர்வு உண்டு. வேக நடை போதும்.' நிம்மதியாக மூச்சு விட்டேன். மதியம் இன்னொன்று: 'ஓட்டம் கட்டாயம்.' சாயங்காலம் மூன்றாவது: 'முந்தைய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்.' எந்த முந்தையதை?

சேலம் அலுவலகத்து ஹவில்தாருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், எங்கள் பக்கத்துக்காரர்.

"ரெண்டுக்கும் ரெடியா இருந்துக்கங்க டீச்சர்."

"நடந்துக்கிட்டே எப்படிங்க ஓடறது?"

"அதுக்கும் ரெடியா இருந்துக்கங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் தேறாவிட்டால் எங்கள் படையைக் கலைத்துவிடுவார்களாம். பொறுப்பு அதிகாரிக்குத் தகுதி இல்லையென்றால் படை இல்லை. மற்ற டீச்சர்கள் எல்லோரும் இந்த வேலைக்கு வரமாட்டோம் என்று ஏற்கெனவே ஓடிப்போனவர்கள். காவேரி போன்றவர்களுக்கு இந்த வருடம்தான் சான்றிதழ் தேர்வு. அந்தச் சான்றிதழ் இருந்தால் போலீஸ் வேலைக்கு மார்க் சேரும். அது ஒன்றுக்காகத்தான் அவள் குளிரிலும் வெயிலிலும் நின்றாள். என் முட்டி பிடித்துக்கொண்டால் அவளுடைய காக்கி போய்விடும்! நிஜமாகவே பயந்துபோனேன்.

மறுநாளே ஓட ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த நாள் மாதேஷிடம் நேராகவே சொன்னேன். "நான் பஸ்ஸுக்கு ஓடலீங்க மாதேஷு. சும்மாதான் ஓடறனுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "சும்மாவா? எதுக்குங்க டீச்சர் சும்மா ஓடோணும்? ஊட்ல எதாச்சும் பிரச்சனைங்களா?"

"பரீட்சைங்க. மேஜர் ஒருத்தரு வர்றாரு, ஓடிக் காட்டோணும்."

"நீங்களே டீச்சரு. உங்களுக்கே பரீட்சை வெக்கறாங்களா? நொம்ப அநியாயமுங்க!"

அன்றிலிருந்து பஸ் நிற்கவில்லை. அதற்குப் பதிலாக என் பக்கத்திலேயே மெதுவாக ஊர்ந்து வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் ஆலோசனை. "கைய வீசுங்க டீச்சர்!" "வாய மூடிக்கிட்டு மூச்ச உடுங்க!" பரீட்சைச் செய்தி வாழவந்தி ஜீப்காரர்களுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அவர்கள் கடைசிவரை நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டார்கள். வீட்டில் என் கணவர், காப்பித்தூள் கடை வைத்திருக்கிறவர், தினமும் கொள்ளு வாங்கி வந்தார். கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல். "குதிரைக்குக் குடுக்கறதுதானே, ஓட்டம் தானா வருமுங்க" என்று அவருக்கு ஒரே குஷி.

ஆய்வு நாள் வந்தது. ஜூலை. தூறலும் மூட்டமும் சேர்ந்து ஊரையே மூடியிருந்தன. ஏரியிலிருந்து பள்ளி கேட் வரை குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டும், கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றம். பள்ளி கேட்டில் ஹவில்தார் ஸ்டாப்வாட்சோடு நின்றார். அவர் பக்கத்தில் அரைக்கைச் சட்டையில் பிள்ளைகள், காவேரி முன்னால். எல்லோர் உதடும் நாவற்பழ நிறம்.

மேஜர் மோசமானவர் இல்லை. ஆனால் சமவெளி மனிதர், ஏற்காட்டுக்கு அன்றுதான் முதல் தடவை. வெள்ளை பனியன், வெள்ளை டிராயர், வெள்ளை ஷூ. எல்லாம் விதிப்படி.

"ரூல்னா ரூல் மேடம். நான் செய்யாததை மத்தவங்களைச் செய்யச் சொல்ல மாட்டேன். நானும் ஓடறேன்" என்றார்.

ஏரிக்கரையில் புறப்பட்டோம். மனிதர் பறந்தார்! சமதரையில் அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, பிறகு அதுவும் மூட்டத்துக்குள் போய்விட்டது. போச்சு, படையும் போச்சு, காவேரியும் போச்சு என்று கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

ஏற்றம் ஆரம்பித்தது. எங்கள் ஏற்றங்களுக்கு ராணுவ ரேங்க் எல்லாம் தெரியாது. கொஞ்ச தூரத்தில் மேஜர் தெரிந்தார். ஓடுகிறாரா, நடக்கிறாரா, நிற்கிறாரா என்று சொல்ல முடியாத ஒரு நிலை. குளிரில் உடம்பு நடுங்குகிறது. மூச்சு வாங்க ஒரு கையை மேலே தூக்கினார்.

தூக்கலாமா? அதுவும் ஏற்காட்டில், ரோட்டோரத்தில், பஸ் வரும் நேரத்தில்?

பின்னாலிருந்து பஸ் வந்தது. என்னைப் பார்த்ததும் மாதேஷ், "ஓடுங்க டீச்சர், ஓடுங்க!" என்று கத்திவிட்டுத் தாண்டிப் போனார். என் கதைதான் அவருக்குத் தெரியுமே. மேஜர் கதை தெரியாதே! வெளியூர் ஆள், நனைந்து, தள்ளாடி, கை காட்டுகிறார். டிரைவர் வேகத்தை மட்டும் குறைத்தார். படியிலிருந்து இரண்டு மூன்று கைகள் நீண்டன. "ஏறுங்க சார், ஏறுங்க! புடிச்சுக்கங்க!" அடுத்த நொடி ரோட்டில் மேஜர் இல்லை.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு மாதேஷ் சொன்னார். மேஜர் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாராம். "ஏத்தத்துல நிறுத்துனா வண்டி எடுக்காதுங்க சார், பள்ளிக்கூடத்துல எறக்கி உடறமுங்க" என்று பதில். மஞ்சக்குட்டைக்குப் போகிற ஒரு அம்மா, "பையன் குளுர்ல வெறைச்சுப் போய்ட்டானே சாமி" என்று, தன் பேரனுக்காகச் சந்தையில் வாங்கியிருந்த மங்கி குல்லாவை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டாராம். ஆரஞ்சு நிறம். உச்சியில் குஞ்சம் வேறு.

நான் ஏற்றத்தை ஏறி முடிக்கும்போது பஸ் பள்ளி கேட்டில் நிற்கிறது. அவர் இறங்குகிறார். ஹவில்தார் மேஜரைப் பார்த்தார், குல்லாவைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் ஒரு கை சல்யூட் அடிக்க, மறு கை ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டது.

"சார்... நொம்ப நல்ல டைமுங்க சார்!"

கடிகாரம் நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்து நான் வந்து சேர்ந்தபோது என் நேரத்தைக் கணக்கிட எதுவும் இல்லை. இன்னொரு முறை ஓடச் சொன்னால் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். முட்டியைப் பிடித்துக்கொண்டு மேஜர் முகத்தையே பார்த்தேன். காவேரியும் பார்த்தாள்.

"மேடம் வழியில எங்கயாவது நின்னாங்களா?" என்று மேஜர் பஸ்ஸைப் பார்த்துக் கேட்டார்.

"நிக்கவே இல்லீங்க!" பஸ்ஸின் எல்லா ஜன்னலும் ஒரே குரலில் சொன்னது.

மாதேஷ் படியிலிருந்து இறங்கியே வந்தார். "நானும் டீச்சர எத்தன நாளாக் கூப்புடறனுங்க சார். ஒரு நாளும் ஏறலீங்க. நீங்கதான் ஏறுனீங்க. டிக்கெட் எடுத்துக்கங்க சார்."

முதல் நாள் என்னை ஏற்றிக்கொண்டு போனதை மாதேஷ் மறந்திருக்க வாய்ப்பே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மேஜரின் தோள் குலுங்கியது, குஞ்சம் ஆடியது, மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாஸ். எழுதிக்கங்க ஹவில்தார்" என்றார். நான் அழுதேன். எனக்கு முன்னால் ஹவில்தார் அழுதுவிட்டார் என்று காவேரி இன்றும் சொல்கிறாள்.

அவள்தான் ஒரு அடி முன்னால் வந்து விறைப்பாக சல்யூட் அடித்தாள். நீல உதடு. பல் தந்தியடிக்கிறது. பார்வை மட்டும் நேராக அந்த ஆரஞ்சுக் குல்லாவில்.

"சார், ஜூலைல கம்பளி போடலாமுங்களா சார்?"

எத்தனையோ ஆய்வுகளில் எத்தனையோ அதிகாரிகளிடம் நான் கேட்கப் பயந்த கேள்வி அது. மேஜரின் கை மெதுவாகத் தலைக்குப் போனது. குல்லாவைத் தொட்டது. கழற்றப் பார்த்தார். மலைக்காற்று ஒன்று அடித்தது. கையை எடுத்துவிட்டார்.

"குளிருற அன்னைக்குப் போட்டுக்கங்கம்மா" என்றார்.

பிள்ளைகள் போட்ட சத்தம் சேர்வராயன் கோயில் வரை கேட்டிருக்கும்.

இப்போது நாங்கள் குளிரினால் கம்பளி போடுகிறோம். எழுத்தில் உத்தரவு இன்னும் வரவில்லை. 'முந்தைய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று என்றைக்கு வருமோ என்று போன் மணி அடிக்கும்போதெல்லாம் திக்கென்கிறது.

ஆனால் வராது என்று ஒரு நம்பிக்கை... மஞ்சக்குட்டை அம்மாவின் மங்கி குல்லாவும் மேஜரிடமிருந்து இன்னும் திரும்பி வரவில்லை!