ஸ்கேல் அண்ணன்

தாளின் இடப்பக்கம் மார்ஜின் கோடு போடாமல் அவர் யாரையும் விசாரித்ததில்லை. மர ஸ்கேல், கறுப்புப் பேனா, தொட்டால் கையை வெட்டுகிற மடிப்புடன் ஒரு சட்டை. பக்கத்து அறைகளில் கேள்வியைக் கைகால்களால் கேட்பார்கள். இவர் "சொல்லுங்க தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த மரியாதைக்கே பலர் உடைந்து போயிருக்கிறார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்புவரை இதே ஸ்கேல் கிளர்ச்சிக்காரர்களின் துண்டறிக்கைகளுக்குக் கோடு போட்டது. "கை நடுங்கினாலும் ஸ்கேல் நடுங்காதுடா" என்று இளசுகளிடம் சொல்வார். கூடவே ஒரு சட்டம்: "மாட்டிக்கிட்டா எதை வேணா சொல்லு. என் பேரை மட்டும் மறந்துடு." பிறகு ஒருநாள் தாமே நடந்து வந்து இந்த விசாரணை இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஸ்கேல் அண்ணன், இங்கே ஸ்கேல் சார். மற்றபடி மனிதர் மாறவில்லை.

இன்றைய கோப்பில் பெயருக்குப் பதில் கைதி எண்தான் இருந்தது. ஒரே ஒரு கட்டம் காலி: 'இயக்கத்தில் சேர்த்துவிட்டவர் யார்?' எதிரே குறிப்பு: 'மூன்று நாள் அடித்தும் சொல்லவில்லை.' பதில் இலாகாவுக்கே தெரியும். ஆனாலும் கைதியின் வாயால் வந்தால்தான் கட்டம் நிரம்பும், விதி அப்படி.

அவர் ஸ்கேலை எடுப்பதற்குள் காவலர் ஒரு பையனைக் கொண்டுவந்து எதிரே உட்காரவைத்து, கண்கட்டை அவிழ்த்துவிட்டுப் போனார். பத்தொன்பது வயது இருக்கும். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இன்னொன்று அவரைப் பார்த்து விரிந்தது.

"ஐயோ, அண்ணே! உங்களையும் புடிச்சிட்டாங்களா?"

ஸ்கேல் சார் வாயைத் திறந்தார். 'சொல்லுங்க தம்பி' வரவில்லை.

"செத்துட்டீங்கன்னு நெனச்சு ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னு அழுதோம்ணே. சட்டையெல்லாம் தேய்ச்சுக் குடுத்திருக்காங்க, நல்லா ஐஸ் வைக்கிறாங்க உங்களுக்கு! என்ன பேப்பர் இது? எழுதித் தரச் சொல்றாங்களா? தராதீங்க. நான் உங்க பேரை மறந்தே போயிட்டேன், சத்தியமா." சிரித்தான். முன்பற்கள் இரண்டு இல்லை.

பையன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தான். "உங்களை எப்படியும் விட்டுருவாங்க. பழைய அச்சாபீஸ் மாடில எங்க அக்காவும் இன்னும் நாலு பேரும் இருக்காங்க. ஓடச் சொல்லிடுங்கண்ணே."

ஸ்கேல் சாரின் கை கிடுகிடுவென்று நடுங்கியது. பையன் தனக்கு வைத்திருந்த தண்ணீரை அவர் பக்கம் தள்ளினான். "பயப்படாதீங்க. குடிங்கண்ணே."

குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். ஸ்கேலை எடுத்துத் தாளின் இடப்பக்கம் வைத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார்.