குதிர் இருந்த மூலை

எங்கள் ஊரில் ஆளைப் பார்ப்பதற்கு முன் அவருடைய மண்ணைப் பார்ப்பார்கள். ஏரிக்குக் கீழே களிமண் கழனி வைத்திருந்த நாங்கள் நெல்லுக்காரர்கள். மேட்டில் செம்மண் வைத்திருந்தவர்கள் கடலைக்காரர்கள். சேற்றில் நடந்து பழகியதால் எங்கள் ஆட்களுக்கு நிதானம் அதிகம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அதன் பெயர் சோம்பல் என்பார்கள் மேட்டுக்காரர்கள். இவ்வளவு கேலிக்கு நடுவிலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மட்டும் நிற்காது. அரிசி இருக்கிற வீட்டுக்குக் கடலை வேண்டும், கடலை இருக்கிற வீட்டுக்கு அரிசி வேண்டும், அவ்வளவுதான்.

என் அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு கடலைக்கார வீட்டுக்குத்தான் பேசி முடித்தார்கள். அதற்குள் எங்கள் கழனி கம்பெனிகள் கட்டுகிற தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் போய், வேலி போட்டு, லாரி லாரியாகக் கிராவல் மண் கொட்டி மேடாகியிருந்தது. மாப்பிள்ளையே கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிறவர்தான். ஆனாலும் கல்யாணம் என்றால் பாலிகை வேண்டுமே. பெண் வீட்டுக் கழனி மண்ணைச் சின்னச் சின்ன மண்கிண்ணங்களில் போட்டு நவதானியம் விதைப்பார்கள். பந்தக்கால் நடும் அன்று மாப்பிள்ளையின் அம்மா வந்து முளையைப் பார்ப்பார். முளை தழைத்திருந்தால் வருகிற பெண்ணும் தழைப்பாள். முளைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கல்யாணமே நின்றுபோன ஒரு கதை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மண்ணுக்குச் சித்தப்பா பொறுப்பேற்றார். அவர் அந்த எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் லைனில் நின்றவர். ஷிஃப்ட் முடிந்து டிபன் பாக்ஸ் நிறைய மண்ணோடு வந்தார்.

"கேட்டுல செக்யூரிட்டி புடிச்சிக்கினாண்ணா. இன்னாய்யா, கம்பெனி மண்ணத் தூக்கினு போறேன்றான்" என்று சிரித்தார்.

எங்கள் மண்ணை எடுத்ததற்கு எங்கள் ஆளையே பிடித்ததில் எனக்கு ஏகப்பட்ட குஷி. அப்பா சிரிக்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தண்ணீர் தெளிப்பது என் வேலை. பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் தெளித்தேன். காராமணி ஊறி அழுகியதே தவிர, ஒரு விதையும் முளைக்கவில்லை. அம்மா கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "டீசல் நாத்தம் அடிக்குதே" என்றாள். சூப்பர்வைசர் கண்ணில் படாமல் லாரி நிற்கிற இடத்தில் அள்ளியதாகச் சித்தப்பா அப்போதுதான் சொன்னார். எடுத்ததும் கழனி மண் இல்லை, மேலே கொட்டிய கிராவல். எங்கள் களி அதற்கடியில் எங்கேயோ கிடந்தது. இன்று அதே எஸ்டேட்டில் நானும் வேலை செய்கிறேன். மழை பெய்தால் தரையிலிருந்து சிமெண்ட் வாசனைதான் வருகிறது. உழுத களியின் அந்த வாசனைக்கு மனசு இன்னும் ஏங்குகிறது.

அக்கம்பக்கத்துக் கழனிகளும் எங்களுடையதோடு சேர்ந்தே போயிருந்தன. ஏரியோ நிறைந்து கிடந்ததால் அதன் அடிக் களியையும் எடுக்க வழியில்லை.

"வுடுண்ணா, நர்சரில தொட்டி மண்ணு விக்கிறான். அத்தப் போட்டுக்கலாம்" என்றாள் அத்தை. அடுத்த மூச்சிலேயே அவளே மறுத்தாள். "ஆனா அந்தம்மா தொட்டுப் பாத்தாலே கண்டுபுடிச்சிடும்."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடெல்லாம் தூசி. நெல் கொட்டி வைக்கிற குதிர் மூலையில் உடைந்து கிடந்தது. பக்கத்தில் கடப்பாரை. சூளையில் சுடாத குதிர் அது. எங்கள் கழனிக் களியில் உமி கலந்து, அப்பா சிறுவனாக இருந்தபோது காலால் மிதித்துக் குழைத்துச் செய்தது.

"இதுக்குப் போயி இத்த ஒடைக்கணுமா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுதுங்க" என்றாள் அம்மா.

"இனிமே நெல்லு எங்க வரப்போவுது? சும்மாதான கீது" என்றார் அப்பா, கட்டிகளை வாளியில் ஊறப்போட்டபடி.

அந்த மண்ணில் முளை சும்மா பொங்கிக்கொண்டு வந்தது. பந்தக்கால் அன்று மாப்பிள்ளையின் அம்மா கிண்ணத்துக்குள் விரலை விட்டு நிமிண்டிப் பார்த்தார்.

"நல்ல களிங்க. இன்னும் கழனி வெச்சிக்கினு கீறீங்களா?"

"இருக்குதுங்க" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முறைத்தாள். குதிர் இருந்த மூலைக்குப் புது ஃபிரிட்ஜ் வரப்போகிற சந்தோஷத்தில் நான் எதையும் கண்டுகொள்ளவில்லை.

கல்யாணம் முடிந்து பாலிகையை ஏரியில் கரைத்தோம். அத்தை கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். முளைகள் மிதந்து போயின. குதிர் மண் தண்ணீரைக் கலக்கிவிட்டு மெல்ல அடியில் போனது. முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த அப்பா திடீரென்று தேம்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. தங்கச்சி மேல் இவ்வளவு பாசமா என்று மாப்பிள்ளை வீட்டாரே உருகிப்போனார்கள்.

"இங்க கீற பிள்ளைப்பாக்கந்தானேண்ணா, வர ஞாயித்துக்கெழமயே வந்துடுறேன்" என்று அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். மடி நிறையக் கடலை கொண்டுவந்தாள். அதற்குப் பிறகும் அப்பா ஏன் சாயங்காலமானால் ஏரிக்குப் போய், பாலிகை கரைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் என்பதுதான் அப்போது எனக்குப் புரியவில்லை.