தூக்காத கை

எங்கள் தீவில், கராச்சர்மாவில் நான் வேலை பார்த்த வண்டிப் பட்டறையில் இரண்டே ஜாதி: பக்கா, டேக்கா. பக்கா என்றால் நிரந்தரம், யூனியன். டேக்கா என்றால் ஒப்பந்தக் கூலி. நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது, அவ்வளவுதான். நான் டேக்கா. என் மனைவியின் அண்ணன், மச்சான், பக்கா.

சுனாமிக்குப் பிறகு கடல்நீர் குடித்த ஜீப்புகளும் பஸ்களும் வந்து குவிந்தன. அவை தீர்ந்ததும் பட்டறை படுத்துவிட்டது. மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று கைகொடுக்க வந்தது. ஆனால் ஆள் செலவைக் குறைத்தாக வேண்டுமாம். யூனியன் கூடியது. எங்களுக்கு உள்ளே இடமில்லை. என் பிழைப்பைப் பற்றி அடுத்தவர்கள் முடிவெடுப்பதை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செயலாளர் வங்காளி, தங்கமான மனிதர். மற்ற உறுப்பினர்கள் தமிழர்கள். எல்லாருக்கும் ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் எங்களிடம் கற்ற தமிழை எங்களிடமே காட்டாமல் அவர் விடமாட்டார். அன்றும் தமிழில்தான் ஏதோ கேட்டார்; கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சரியாகக் காதில் விழவில்லை. கைகள் உயர்ந்தன. மச்சானுடைய கை மட்டும் உயரவில்லை.

பக்கா ஆட்கள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு டேக்கா ஆட்களையும் காப்பாற்ற ஒப்புக்கொண்டார்கள் என்று செயலாளர் வெளியே வந்து அறிவித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கை தூக்கியவர்கள் பேயறைந்த மாதிரி நின்றார்கள். சம்பளக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். லட்டு வாங்கி வந்து ஒவ்வொருவர் வாயிலும் நானே ஊட்டினேன். மச்சானைத் தாண்டிப் போனேன்.

அதன்பிறகு அவரோடு பேச்சில்லை. பொறுத்துப் பார்த்த மனைவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை டாலிகஞ்சில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு இழுத்துப்போய் அவர் முன்னால் உட்காரவைத்தாள். எனக்காக ஒரு கையைத் தூக்க முடியாமல் போய்விட்டதா என்று கேட்டேன்.

மச்சானுக்கு இன்னும் இலங்கை மலைத்தோட்டத்துப் பேச்சுதான்.

"செலவு கொறையணும், டேக்கா ஆளுங்களத் தூக்கணும், சம்மதமான்னு கேட்டாரு. ஒன்னய வேலைய விட்டுத் தூக்கிறதுக்கு நான் எப்பிடிக் கையத் தூக்கிறது? ஏலாது."

வங்காளிக்குத் தெரிந்தது கைதூக்கிவிடுகிற தூக்கல் மட்டும்தான். செலவு குறையணும் என்று அவர் சொன்னது பக்கா ஆட்களின் சம்பளத்தை. மற்றவர்கள் மச்சானைப் போலவே புரிந்துகொண்டுதான் கை தூக்கியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்த பிறகு, தூக்கிய கையை எந்த முகத்தோடு இறக்குவார்கள்?

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. மச்சான் முகத்தைத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஒரு லட்டு வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எல்லார் முன்னாலும் ஊட்டப் போனவனை மச்சான் தடுத்தார்.

"இங்க வேணாம். பாவம், அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

பிரித்துப்போட்ட ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்று ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.