வானத்தில் எடுத்த பிசிறு

என் அத்தைக்கு என்ன வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஜவ்வாது மலை வானாய்வுக் கூடத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்து வானத்தைப் படம் பிடிக்கிறாள் என்ற உண்மையைச் சொன்னால் ஆரணியில் எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்? அதனால் தன் தங்கை நர்ஸ் என்று அப்பா ஊரை நம்பவைத்திருந்தார். அத்தை லீவில் வந்தால் போதும், நாலு வீட்டுக் கிழவர்கள் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு வாசலில் நிற்பார்கள். அவளும் மறுத்துப் பேசாமல் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்புவாள். அதில் இரண்டு பேருக்குக் குணமும் ஆனது.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், அப்பா தந்தி அடித்து அவளை வரவழைத்தார். செய்யாற்றிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அத்தை ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டியில் புடவை இரண்டுதான், மிச்சமெல்லாம் அட்டை. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக இரண்டு ஃபிலிம்கள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். ஃபிலிமில் வானம் வெள்ளையாகவும் நட்சத்திரமெல்லாம் கறுப்பாகவும் விழுமாம். அத்தனை புள்ளிகளுக்கு நடுவில், இதுவரை யாரும் பார்க்காத ஒரு சிறுகோளை, சூரியனைச் சுற்றும் ஒரு கல்லை, அவள் பார்த்துவிட்டாளாம். பெரிய அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, தூசி என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் ராத்திரி எடுத்த ஃபிலிமிலும் அது கொஞ்சம் நகர்ந்து விழுந்திருந்தது. அதைப் பார்ப்பதற்குள் அதிகாரி ஊருக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை அவர் திரும்பியதும் இரண்டையும் காட்டி, அளந்து, எழுதி அனுப்ப வேண்டும். அண்ணனிடம் காட்டுவதற்காக, யாரையும் கேட்காமல் எடுத்து வந்திருந்தாள்.

அப்பா ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தங்கை மேல் பிரியம் உள்ள மனிதர். அந்தக் கல் அவள் பேரில் நிச்சயமாகிவிட்டால் கல்யாணப் பேச்சையே எடுப்பதில்லை, மலையிலேயே இருந்துகொள்ளட்டும் என்றார். இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார்.

அவள் இன்னொரு படம் எடுத்துக் காட்டக் கூடாதா என்று அம்மா கேட்டாள்.

"மழ புடிச்சிகிச்சு அண்ணி. மேகம் கலையறதுக்குள்ள அது எங்கியோ பூடும். இது ரெண்டுதான் கீது எங்கிட்ட."

எனக்கு அப்போது பத்து வயது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன்; இரண்டு பக்கமும் யாருக்கும் வருத்தமில்லை. அப்பாவும் அம்மாவும் தறியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். தறிச்சத்தத்தில் பேசினால் கேட்காது. சத்தம் நின்ற பிறகு பேச அவர்களுக்குத் தெம்பு இருக்காது. அத்தை வந்தால் பேச ஆள் கிடைக்கும் என்று நாள் எண்ணிக் காத்திருப்பேன். அவளோ பகலில் தூங்குவாள். மலையில் யாரோடு பேசுவாய் என்று ஒருதரம் கேட்டதற்கு, யாரோடும் இல்லை என்று சிரித்தாள். ஊமைக்கு ஊமை துணை.

வீட்டில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. தறியிலிருந்து அறுத்த சேலையை முதலாளி வீட்டுக்கு அனுப்புமுன் விரித்துப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் இழைத் துணுக்குகளை ஊசியால் எடுக்க வேண்டும். பிசிறு எடுப்பது என்போம். ஒன்று இருந்தாலும் முதலாளி சேலையைத் திருப்பி எறிவார். பட்டுக்குக் காயம் படாமல் எடுப்பதில் தெருவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுநாள் மதியம் அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொழுது போகவில்லை. ஃபிலிமை எடுத்து ஜன்னலில் சாய்த்து வைத்தேன். புட்டா போட்ட வெள்ளைச் சேலை மாதிரி அழகாக இருந்தது. ஒவ்வொரு புள்ளியும் கச்சிதமான உருண்டை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், எறும்புக் கால் நீளத்துக்கு ஒரு கோடு. இதைத்தான் அதிகாரி தூசி என்று திட்டியிருக்கிறார், பாவம் அத்தை என்று தோன்றியது. இரண்டாவது ஃபிலிமிலும் ஒன்று கிடைத்தது. அவள் பூதக்கண்ணாடி வைத்து நாலு நாள் தேடினாளாம். எனக்கு உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஊசி முனையை நாக்கில் நனைத்து மெதுவாகச் சுரண்டினேன். பக்கத்துப் புள்ளி எதற்கும் சேதமில்லை. பாவாடை முனையால் ஒரு துடை துடைத்தேன். வானம் பளிச்சென்று ஆனது.

அத்தை எழுந்ததும் பெருமையாகக் காட்டினேன். வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள். பிடித்த கை வெகுநேரம் இறங்கவில்லை.

"ரெண்டுலயும் எடுத்துட்டியா?"

"ஆமா அத்த. வேற எதையும் தொடல. அது மட்டுந்தான் வேண்டாதது."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்றால் ஓடத் தயாராக இருந்தேன். அந்த மாதிரி முகமாகவும் இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, நான் சுரண்டிய இடத்தை ஒருதரம் பார்த்தாள்.

"கண்ணாடி இல்லாமயேவாடி கண்டுபுடிச்ச?"

"ஈஸிதான அத்த. மத்ததெல்லாம் உருண்ட, இது மட்டும் நீட்டு."

அவள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வந்தது, முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. பிறகு ஃபிலிம்களை அட்டைக்குள் வைத்து நூலால் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. நான்தான் கட்டிக்கொடுத்தேன்.

சாயங்காலம் அப்பா தறியிலிருந்து எழுந்து கைகால் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அத்தை என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, உன் கல்லு இன்னா சொல்லுது?" என்றார் அப்பா.

"கல்லு இல்லண்ணா. தூசிதான். நாந்தான் தப்பா பாத்துட்டேன்."

அப்பாவின் டம்ளர் பாதியில் நின்றது. அவர் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை, தங்கையைத்தான் பார்த்தார்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேண்ணா."

"அப்ப வெள்ளிக்கிழம அவங்கள வரச் சொல்லிடவா?"

"சொல்லுங்க."

தூசி என்று கண்டுபிடித்தது நான்தான், அதை எடுத்ததும் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. எழப் பார்த்தேன். அத்தையின் கை என் தலைமேல் வந்து அழுத்தமாக உட்கார்ந்தது. அப்பா எழுந்து போகும்வரை அந்தக் கை அசையவில்லை. என் வேலைத்திறமையை மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.