அறுத்த ஒயர்

போலந்துக்கு வந்த முதல் வாரத்தில் என்னைத் திகைக்க வைத்தது பனி அல்ல. நல்ல ஒயர் ஒன்றை என் ஃபோர்மேன் வேண்டுமென்றே அறுத்ததுதான். ஓட்டல் விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துத் தரும் பெரிய சலவை ஆலை இது. நான் இங்கே எலக்ட்ரீஷியன். ஃபோர்மேன் பெயர் மாரெக். ஒரு ஸ்டீம் அயர்ன் டேபிளைச் சோதித்தார். இரும்பு பாடியில் கரண்ட் கசிந்தது. சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார், பிளக்கோடு சேர்த்து ஒயரை நறுக்கினார். எதற்கு என்று சைகையில் கேட்டேன். கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினார். செத்த மெஷின், தெரியாமல்கூட யாரும் சொருகிவிடக் கூடாது என்று அர்த்தம். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் எலக்ட்ரீஷியன்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தேன். வெளிநாட்டு செகண்ட்ஹேண்ட் மெஷின்கள் பல ஒயர் அறுந்தே வந்து இறங்கும். கண்டெய்னரில் அடுக்க வசதியாக அறுத்திருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சீவி, முறுக்கி, டேப் சுற்றி, புது பிளக் மாட்டுவோம். ஓடினால் போதும். சிவப்பு ஸ்டிக்கரைத் தின்னர் போட்டு நானே துடைத்திருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட் வரும்போது அசிங்கமாக இருக்குமாம்.

அப்படித் துடைத்த டேபிள் ஒன்றில்தான் சுப்பிரமணி தேய்த்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வாய் ஓயாமல் கேலி பேசுகிறவர். "கைய வச்சா சுர்ருங்குது வே, என்னன்னு பாரும்" என்று இரண்டு தடவை சொன்னார். முதலாளியிடம் போனேன். "இன்னைக்கு ஷிப்மெண்ட்டுங்க, மெஷின் நின்னா ஆகாதுங்க. ஒரு பலகையப் போட்டு நிக்கச் சொல்லுங்க" என்றார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. எங்கள் பக்கம் இதுதான் வழக்கம்: ஷாக் அடித்தால் மெஷினைத் திறக்க மாட்டோம், ஆளின் காலடியில் மரப்பலகை போடுவோம். போட்டேன். டேபிளிலிருந்து ஒழுகிய தண்ணீரில் நாலே நாளில் பலகை ஊறிவிட்டது. சுப்பிரமணி டேபிளைப் பிடித்தபடியே சரிந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம், பிரயோஜனம் இல்லை.

"எலக்ட்ரீஷியன் எர்த்து சரியாக் குடுக்கலீங்க" என்று முதலாளி வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அது பொய்யும் இல்லை. எர்த் கம்பி மண்ணில் தோண்டிய எர்த் குழிவரை போகவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுப்பிரமணியின் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊரிலேயே இருந்திருப்பேனோ என்னவோ.

இப்போது இங்கே அறுக்கிற வேலை என்னுடையது. இரண்டு மாதம் முன்பு இன்னொரு டேபிள் கசிந்தது. இனி யாரும் ஓட்ட முடியாதபடி ஹீட்டரை உடைத்துவிடட்டுமா என்று மாரெக்கிடம் அரைகுறை மொழியில் கேட்டேன். கேட்டது அவருக்குச் சரியாகப் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்துத் தோளில் தட்டினார். "வருத்தப்படாதே, வீணாகாது. வாங்க ஆள் இருக்கிறது. உங்கள் பக்கம்தான் கப்பலேறும்" என்றார். பண்டம் வீணாகிறதே என்று நான் கலங்குவதாக அந்த நல்ல மனிதர் நினைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல இந்த மொழியில் வார்த்தை தெரியவில்லை. ஒயரை ஒரு விரற்கடை மிச்சமில்லாமல் அடியோடு அறுத்தேன்.

நேற்று சாப்பாட்டு இடைவேளையில் என் மச்சினன் குமரேசன் கூப்பிட்டான். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். நல்லூரில் நான் விட்டுவந்த வேலையில் இப்போது அவன்தான் இருக்கிறான்.

"மாமா, அயர்ன் டேபிள் ஒண்ணு வந்திருக்குதுங்க. ஒயரை அடியோட அறுத்துப்போட்டாங்க. எங்கிருந்துங்க ஜாயிண்ட் போடறது?"

அதே டேபிள்தானா என்று கேட்கப் பயமாக இருந்தது.

"போடாதடா. அது செத்த மெஷினு. ஓட்டக் கூடாதுன்னுதான் அறுக்கறாங்க. இங்க நானேதான்டா அறுக்கறேன்."

அவனுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடுவது கேட்டது.

"மொதலாளி பக்கத்துல நிக்கறாருங்க மாமா. ஷிப்மெண்ட்டுங்க. நீங்க விடுங்க, பலகையப் போட்டுக்கறோமுங்க."

மூன்று தடவை திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. என் லாக்கரில் நான் அறுத்த பிளக்குகள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் அறுத்த ஒயர் தொங்குகிறது. மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று இந்த ஆலையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.