ரோதைமுனி இழுத்த கார்

எங்கள் தோட்டத்துத் துரையின் கார் ஒரு திங்கட்கிழமை காலையில் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. சனிக்கிழமை மத்தியானம்வரை ஒழுங்காக ஓடிய கார்தான். என் அப்பாதான் அதற்கு டிரைவர். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் போனவர்களுக்கு இடது பக்கம் என்றால் என்னவென்று தெரியும். பங்களாவிலிருந்து இறங்கும்போது வலது பக்கம் மலை, இடது பக்கம் பள்ளம். ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தினால் போதும், கார் பள்ளத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறது. அப்பா அதை நாள் முழுக்க வலது பக்கமாக இழுத்துப் பிடித்தே ஓட்டிவிட்டு, தோள் வலியோடு வீடு வந்தார்.

மறுநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு முன்னால் துரை அவரை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“டிரைவர், நீ குடிச்சதா?”

“இல்லீங்க தொர. காருதான் இழுக்குதுங்க.”

“கார் இழுக்காது. உன் கை இழுக்குது. ஞாயிற்றுக்கிழமை தொரசாணி நானுஓயா ஸ்டேஷன் வருது. அதுக்குள்ளே நேரா ஓட்டு. இல்லே, வேற டிரைவர்.”

வேறு டிரைவர் என்றால் எங்களுக்கு வேறு வீடு என்று அர்த்தம். டிரைவர் வீட்டில் இரண்டு அறைகள் இருந்தன, கண்ணாடி ஜன்னல் ஒன்றும் இருந்தது. அதை விட்டால் பழையபடி தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒற்றைக் காம்பராதான். அந்த ஜன்னலை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. லயத்தில் இருந்தவர்களுக்கோ வாய்க்கு அவல் கிடைத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசிச் சிரித்தார்கள்.

கார் ஏன் இழுக்கிறது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டோருக்குப் பக்கத்தில், சைப்பிரஸ் மரத்தடியில், ரோதைமுனி இருக்கிறார். ரோதை என்றால் எங்கள் பக்கத்தில் சக்கரம். ஸ்டோருக்குள் சுற்றுகிற பெரிய ரோதைக்குக் காவல் அவர்தான். வருஷா வருஷம் அவருக்குச் சேவல் அறுக்காவிட்டால் மெஷினில் யாராவது ஒருவருடைய விரல் போகும் என்பது தோட்டத்தின் நம்பிக்கை.

“காரு வந்து எத்தன வருசமாச்சு? அதுலயும் நாலு ரோத சுத்துதே, அதுக்குன்னு ஒரு சேவல் குடுத்தீங்களா?” என்று அம்மா கேட்டாள்.

முனி இருப்பதும் பாதைக்கு இடது பக்கம்தான். எனக்கு இது மிகவும் நியாயமான கேள்வியாகப் பட்டது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“முனிக்கு வேற வேலயில்லயா? சும்மா இரு.”

அப்பாவின் வழி வேறு. முதலில் நான்கு டயர்களுக்கும் காற்றடித்தார். ஒன்றில் காற்றுக் குறைந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்குமாம். அப்படியும் இழுத்தது. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். டயரில் கோளாறு இருந்தால் இப்போது வலது பக்கம் இழுக்க வேண்டும். அது இடது பக்கத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். அது பம்பரம் போலச் சுற்றியது. அப்பா ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று தள்ளத் தள்ள, மிஞ்சுவது முனிதான் என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன்.

கடைசியில் ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்த என் மாமாவைக் கூட்டி வந்தார். இருவரும் காரின் வலது பக்கத்தில் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டினார்கள். அதே குச்சியை இடது பக்கம் வைத்தபோது அது ஒரு விரல் நீளம் மிஞ்சியது. அம்மாவின் தம்பியான மாமா காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“வில்லுப் பட்டைய அச்சோட புடிச்சிருக்கிற ஆணி முறிஞ்சிருக்கு மச்சான். முன்சக்கரம் பின்னால தள்ளிப் போயிருச்சு. எதுலயோ பலமா மோதியிருக்கு.”

அப்பா இடது பக்கத்து அச்சின் முனையை விரலால் தடவினார். விரலில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியது. இருட்டில் தெரியட்டும் என்று எங்கள் பாலத்து ஓரக் கட்டைகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி கிளப்புக்குப் போய்வர மட்டும் துரை டிரைவரைக் கூப்பிடுவதில்லை. தானே ஓட்டுவார்.

“கராஜுக்குக் கொண்டுபோயிருவோமா?” என்றார் மாமா.

“கொண்டுபோனா கராஜ்காரன் மோதின வண்டின்னு எழுதிக் குடுப்பான். மோதினது யாருன்னு தொர என்னையக் கேப்பாரு. நான் என்னா சொல்றது?”

துரை மோதியிருந்தால் துரை என்று சொல்ல வேண்டியதுதானே, இதற்கு ஏன் இப்படி முழிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், அத்தனை சனத்துக்கும் முன்னால், அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு துரையிடம் போனார்.

“தொர, ரோதைமுனிதாங்க காரை இழுக்குது. சேவல் அறுத்துப் பூச போடணுங்க. கார் ஒரு பகல் பூராவும் ஸ்டோருக்கிட்ட நிக்கணும். யாரும் தொடக்கூடாதுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தாநாள்தான் அம்மாவின் வாயை அடைத்தவர்! துரை விழுந்து விழுந்து சிரித்தார். கங்காணியும் சிரித்தார். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. சிரித்து முடித்ததும் துரை காரின் இடது சக்கரத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“சரி. முனிக்குக் குடு” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார்.

வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. அம்மாதான் சேவல் கொடுத்தாள். தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு முனி வருகிற நேரம் என்று சொல்லி, காரைச் சுற்றி வெள்ளைச் சீலை கட்டி, எல்லோரையும் தூரப் போகச் சொன்னார் அப்பா. சீலைக்குள்ளிருந்து டங்கு டங்கென்று சத்தம் கேட்டது.

“முனி ரோதையத் தட்டுறாரு” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். சீலைக்கு அடியில் முனியின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை மாமாவின் கால்களைப் போலவே இருந்தன. மாமாவின் காலில் இருக்கும் வெட்டுத் தழும்புகூட இருந்தது.

சாயங்காலம் கார் நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது. அன்று சேவல் கறி. என்னால் பொறுக்க முடியவில்லை.

“அப்பா, காரைச் சரியாக்கினது முனியா, மாமாவா?”

“கறியத் தின்னு புள்ள” என்றார் அப்பா. மாமா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தொரசாணி சௌக்கியமாக வந்து சேர்ந்தார். எங்கள் ஜன்னலும் எங்களுக்கே நிலைத்தது. முனி கதையைத் துரை கிளப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாகப் பங்களாச் சமையல்கார அப்பு வந்து சொன்னான். அம்மாவுக்கு அதில் பெருமை. அப்பா அதைக் கேட்டும் கேட்காதவர்போல இருந்தார்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் துரை தனியாக நடந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். துரைமார் அப்படியெல்லாம் டிரைவர் வீட்டுக்கு வருவதில்லை. அவர் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அப்பா பதறிக்கொண்டு வெளியே போனார்.

“டிரைவர்,” என்றார் துரை மெதுவாக. “முனிக்கு இன்னொரு சேவல் வேணும்.”

அப்பா துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி எந்தத் துரையையும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. துரைதான் தலையைக் குனிந்துகொண்டார்.

“தொரைக்கும் பக்தி வந்திருச்சு” என்று அம்மா உள்ளேயிருந்து கும்பிட்டாள். எனக்கும் ஒரே சந்தோஷம். துரை தலை குனிந்தது முனிக்கு என்று நினைத்துக்கொண்டு, நல்ல சேவலாகப் பார்த்துப் பிடிக்கக் கூட்டுப் பக்கம் ஓடினேன்.