பெயர் எழுதிய புத்தகம்

1994 ஜூன் 14, செவ்வாய். காலை ஏழரைக்கு அன்னூரில் பஸ் ஏறி, பத்து மணிக்கு நான் குமாஸ்தாவாக இருக்கும் கோவை பிறப்புப் பதிவு அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்தேன். இத்தாலியிலிருந்து வந்த ஒருவர், இந்த ஊரில் பிறந்த தன் தாத்தாவின் பதிவைக் கேட்டார். மறுநாள் அவருக்கு ரயில்.

தகப்பன் பெயர் இடத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்தது. அதன் கீழே ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. அது தாத்தாவா, அவருடைய அண்ணனா என்று சொல்ல வழியில்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் இருக்கும் என்று அவரை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனேன்.

அங்கே கோயில் வேலைகளையும் பதிவேடுகளையும் பார்த்துக்கொண்ட கோயில்பிள்ளை ஒல்லியானவர். கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை. கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் ஞானஸ்நானப் புத்தகத்தைத் தொட்டார்.

இத்தாலியர் பெயர்ப் பட்டியலில் தன் குடும்பப் பெயரைத் தேடினார். அது இல்லை. அவர் முகம் வாடிப்போனது.

கோயில்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஏனுங்க, குடும்பப் பேருல தேடுனா இங்க யாருங்க கெடைப்பாங்க? புள்ளை பேரைச் சொல்லச் சொல்லுங்க.”

இத்தாலியர் தாத்தாவின் பெயரைச் சொன்னார். மூன்றாவது வரியிலேயே தாத்தா இருந்தார். பிறந்த தேதியும் நான் பதிவேட்டிலிருந்து குறித்து வந்ததோடு ஒத்துப்போனது. இத்தாலியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கூலிக்காரர் புள்ளைக்குக் கீழதான் இவிங்க தாத்தா. எல்லாரும் ஒரே வரிசைதானுங்க” என்றார் கோயில்பிள்ளை, நெஞ்சை நிமிர்த்தி. பிறகு, “உங்க புஸ்தகத்துல பேரே இல்லீங்களா?”

“பேரு அப்புறந்தானுங்களே வெக்கறாங்க. திரும்ப வந்து யாரும் எழுதறதில்லீங்க.”

“உங்க புள்ளைக்கு எழுதிப்போட்டீங்களா?”



மறுநாள் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக, பதினோரு வருடமாகப் ‘பெண் குழந்தை’ என்றே இருந்த என் மகளின் பெயரைப் பதிய விண்ணப்பம் எழுதினேன்.